வெள்ளாட்டின் மேல்வரிசைப் பற்கள் போன கதை

அந்தக் காலத்தில், ஆடும் மயிலும் முயலும் மனிதரும் அக்கம்பக்கத்தாரைப் போலப் பேசிப் பழகிய காலத்தில், மலையடிவாரத்துச் சுனைக்குப் பக்கத்தில் சுருளி என்று ஒரு வெள்ளாடு இருந்தாள். கடவுள் அவளுக்குக் கேட்காமலே கொடுத்த செல்வம் அவளுடைய பல். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, முல்லை மொட்டைக் கோத்து வைத்த மாதிரி. அவள் சிரித்தால் பார்த்தவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஆனி மாதத்தில் மயிலம்மாள் தன் மகள் கல்யாணத்துக்குக் குங்குமச் சிமிழோடு அழைக்க வந்தாள்.

"சுருளி, பந்தல் வாசல்ல பன்னீர் தெளிச்சு, கற்கண்டு குடுத்து, வர்றவங்களை நீதான் வாங்கன்னு கூப்பிடணும். உன் சிரிப்பைப் பார்த்தாலே பாதி வயிறு நிறைஞ்சிடும்."

சுருளிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு மேடு பார்த்துப் போய்விட்டார்கள். அவளை முன்னால் நிறுத்தி ஒருவர் மரியாதை செய்து எத்தனையோ நாளாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் காற்று ஓங்கி அடித்தது. சுனைக்கரை நாவல் மரம் பழத்தைப் பொலபொலவென்று உதிர்த்தது. சுருளியும் பக்கத்து வளை முயல் பஞ்சுவும் உட்கார்ந்து தின்றார்கள். பஞ்சு நாலு பழம் தின்பாள், சுனைக்குப் போய் வாய் கொப்பளிப்பாள், மறுபடி வருவாள்.

"யக்கா, நீங்களும் கொப்பளிச்சிடுங்க. நாவப்பழச் சாறு பல்லுல உட்கார்ந்துட்டா எழுப்புறது கஷ்டம்."

"போடி, வாயில இருக்கிற இனிப்பை யாராவது தண்ணி ஊத்திக் கழுவுவாங்களா? கொஞ்ச நேரம் இருக்கட்டுமே. காலையில கழுவிக்கிறேன்."

அந்த ருசியோடேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

விடிந்ததும் சுனையில் குனிந்தவள் தன்னையே பார்த்துப் பயந்துவிட்டாள். பல்லெல்லாம் கருநீலம்! ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தாள். இன்னொரு வாய். கறை அசையவில்லை. தண்ணீர் குடிக்க வந்த செம்மறி எட்டிப் பார்த்தது.

"என்ன சுருளி, மயில் வீட்டுக் கல்யாணம்னு மயில் கழுத்தையே வாய்க்குள்ள வச்சிருக்கே?"

சுருளிக்கு அழுகை முட்டியது. "சாமி, இன்னிக்கு ஒரு நாளைக்காவது என் பல்லைத் திருப்பிக் குடுத்துடு" என்று வேண்டிக்கொண்டாள். பஞ்சு ஓடி வந்து ஒரு வேலங்குச்சியை நீட்டினாள்.

"இதை நுனியில நல்லா மென்னு, பூவாக்கி, பதமா தேயுங்க. நாளாக நாளாகப் போயிடும்."

"நாளாக நாளாகவா? மேளச் சத்தம் கேட்டா நான் வாசல்ல நிக்கணும்டி!"

பஞ்சு சொல்லச் சொல்லக் கேட்காமல் ஓடைக்கு ஓடினாள் சுருளி. அங்கே ஒரு சொரசொரப்பான பாறை. அதன்மேல் ஆற்றுமணலை வாரிப் போட்டு, மேல்வரிசைப் பல்லை வைத்து ஒரு இழு இழுத்தாள். கறை மங்கியது. ஆகா என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள். வெள்ளை தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஓரத்தில் ஒரு பொட்டு நீலம் மிச்சம் இருக்கிறதே என்று மறுபடி தேய்த்தாள். கறையும் போயிற்று, பல்லும் போயிற்று. கீழ்வரிசைக்கு வருவதற்குள் மேளச் சத்தம் கேட்டுவிட்டது. நாக்கால் தடவினாள். மேலே வெறும் ஈறு, வழவழவென்று.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பந்தல் வாசலில் போய் நின்றாள். பன்னீர் தெளித்தாள், கற்கண்டு நீட்டினாள். யானையார் குனிந்து, "சுருளியம்மாவுக்கு நம்ம மேல என்ன கோபம்?" என்று கேட்டார். அதற்கும் வாய் திறக்கவில்லை. மயிலம்மாள் வந்து முகத்தைப் பார்த்ததும், சுருளி பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"வேற யாரையாவது நிறுத்து தாயி. நீ கூப்பிட்ட சிரிப்பு என்கிட்ட இல்ல" என்று மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

மயிலம்மாள் அந்த ஈற்றையே பார்த்தாள்.

"அடி பைத்தியம்! பல்லு முளைக்காத பிள்ளை சிரிச்சா நாம அழகு இல்லன்னா சொல்றோம்? நான் உன் பல்லைக் கூப்பிடல, உன்னைக் கூப்பிட்டேன். செம்பை எடு."

சுருளிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. மேலே ஈறும் கீழே நீலப் பல்லுமாக அவள் சிரிக்க, யானையார் தும்பிக்கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குப் பந்தலே சிரித்தது.

பந்தியில்தான் சிரமம். கடிக்க வரவில்லை. "அவசரமில்ல யக்கா, முழுங்கி வச்சுக்கிட்டுப் பிறகு மெதுவா மெல்லுங்க" என்றாள் பஞ்சு. அப்படியே செய்தாள். இலையை விட்டு எழுந்தவர்கள் எல்லாரும் சுருளியை ஒரு தரம் பார்த்துவிட்டு நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போய் வாய் கொப்பளித்தார்கள். பந்தியில் இருந்த மனிதர்களும் கொப்பளித்தார்கள். கீழ்ப்பல் கறையைச் சுருளி வேலங்குச்சி மென்றே மெல்ல மெல்லப் போக்கினாள். கேலி பேசிய செம்மறியும், அதன் கூட்டாளி மாடும், தங்கள் பல்லும் பளபளக்கட்டுமே என்று அதே பாறையில் போய்த் தேய்த்து மேல்வரிசையைத் தொலைத்தது அவர்கள் தலையெழுத்து.

அன்று தொடங்கியதுதான் வெள்ளாடு முள்ளையும் பார்க்காமல் வேலங்கொப்பைத் தேடித் தின்பதும், தின்றதை அசைபோடுவதும், நாம் சாப்பிட்டு எழுந்ததும் வாய் கொப்பளிப்பதும். நடுநடுவே வெள்ளாடு மேலுதட்டைத் தூக்கி வெறும் ஈற்றைக் காட்டுகிறதே, பார்த்திருப்பீர்கள். பந்தல் வாசலில் நின்று இன்னும் நம்மை, "வாங்க, வாங்க" என்கிறது.