தூரப் பந்து

நிக்ஷா உள்ளே வந்தபோது லோவ்ரே ஒரு டென்னிஸ் பந்துக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

குரோஷியாவின் தெற்குக் கடற்கரையில் ஒரு துறைமுக ஊர். அந்த ஊரின் பழைய கால்பந்து ஆட்டக்காரர்கள் லோவ்ரேயை மேஷ்தர் என்று அழைத்தார்கள். அந்தப் பக்கத்தில் ஆசானுக்கு அதுதான் பெயர். அவர் கோப்பை எதுவும் வாங்கியவர் இல்லை. கிளப்பின் இரண்டாவது கோல்கீப்பராக இருந்தவர். முதல் கோல்கீப்பருக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. ஆகவே லோவ்ரே தன் காலம் முழுவதும் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார். தங்களைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஆட்டக்காரர்கள் அவரிடம்தான் போனார்கள்.

நிக்ஷா அவரைவிட இரண்டு வயது மூத்தவர். பெல்ஜியத்திலும் துருக்கியிலும் சைப்ரஸிலும் ஆடிப் பெயர் வாங்கியவர். அவர் அதுவரை லோவ்ரேயை மேஷ்தர் என்று அழைத்ததில்லை. ஆனால் அன்று அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. கேள்வி வைத்திருப்பவன்தான் சீடன்.

தரையெல்லாம் மஞ்சள் மயிர் கிடந்தது.

"இந்த வேலையை நீ இன்னும் விடவில்லையா?" என்றார் நிக்ஷா.

"மயிரோடு விட்டால் பந்து கடலைக் குடித்துக் கனத்துவிடும். உட்கார். என்ன விஷயம்?"

"கிளப்பில் என்னைப் பயிற்சியாளராகக் கூப்பிடுகிறார்கள்."

"ஊரே பேசுகிறது. எப்போது சேருகிறாய்?"

"சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உதவிப் பயிற்சியாளர் யார் தெரியுமா?"

"டாமிர்."

"டாமிர்," என்று நிக்ஷாவும் சொன்னார். சொன்னதும் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

விஷயம் பழையது. நிக்ஷாவுக்கு அப்போது இருபது வயது. டாமிர் கேப்டன். அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். ஒரு கோல் போட்டால் கிளப் முதல் பிரிவில் தங்கும். போடாவிட்டால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பெனால்டி கிடைத்தது. பெனால்டி அடிப்பது எப்போதும் கேப்டன்தான். அன்று டாமிர் பந்தை எடுத்தார். நிக்ஷாவின் கையில் வைத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தார். நிக்ஷா அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய், மைதானத்துக்கு வெளியே யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் விழுந்தது.

ஊர் கேப்டனை ஒன்றும் சொல்லவில்லை. நிக்ஷாவின் அப்பா மீன் பிடிக்கிற படகில், 'மேலே பார், பந்து வருகிறது' என்று பெயின்டால் எழுதிவைத்தார்கள். ரொட்டிக் கடைக்காரி நிக்ஷாவின் அம்மாவுக்குப் பழைய ரொட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கோடை முழுவதும் கொடுத்தாள். கோடை முடிவதற்குள் நிக்ஷா பெல்ஜியம் போய்விட்டார்.

போன இடத்தில் நிறைய கோல் போட்டார். ஆனால் பெனால்டி மட்டும் அடித்ததில்லை. நடுவர் பெனால்டிக்கு ஊதியதும் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். லேஸ் அவிழ்ந்திருக்காது. எல்லா நாட்டிலும் அப்படித்தான். முடி கொட்டியது. முழங்கால் தேய்ந்தது. கசப்பு தேயவில்லை. அதற்கு முழங்கால் இல்லை.

"அவன் பயந்துவிட்டான்," என்றார் நிக்ஷா. "தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள என் பேரைக் கொடுத்தான். இதை நான் என் மனைவியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாப்பாட்டு மேஜைக்கு இன்னொரு நாற்காலி வாங்கிப் போடு, டாமிரும் உட்காரட்டும் என்கிறாள்."

லோவ்ரே கத்தியைத் துடைத்தார். "வேலை உனக்கு வேண்டுமா?"

"வேண்டும். ஆடுவதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. ஒரு கிளப்பும் கூப்பிடவில்லை. இதையும் விட்டால் இனி மைதானத்துக்குள் டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும்."

"பிறகென்ன?"

"அவனோடு ஒரே பெஞ்சில் எப்படி உட்காருவது? பெஞ்சைப் பற்றி உன்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை. சொல், நான் அவனை மன்னிக்க வேண்டுமா?"

"வேண்டாம்," என்றார் லோவ்ரே.

அந்த ஒரு வார்த்தையிலேயே நிக்ஷாவுக்குப் பாதி மூச்சு வந்தது. போன இடத்திலெல்லாம் மன்னித்துவிடு என்றுதான் சொன்னார்கள். பாதிரியாரும் அதைத்தான் சொன்னார். பாதிரியாரின் அம்மாவுக்கு யாரும் பழைய ரொட்டி கொடுத்ததில்லை.

"அப்படியானால் என்ன செய்வது?"

லோவ்ரே பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். வழுவழுவென்று எலுமிச்சம்பழம் போல இருந்தது.

"அரைக்கால் சட்டை வைத்திருக்கிறாயா? ஓர் ஆள் குறைகிறது," என்றார்.

ஊருக்குக் கீழே மணல் கரை. அங்கே கடல் வெகுதூரம் வரை முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். அந்தத் தண்ணீரில் பிட்சிகின் என்று ஓர் ஆட்டம் ஆடுவார்கள். ஐந்து பேர் வட்டமாக நிற்பார்கள். சவரம் செய்த பந்தை உள்ளங்கையால் தட்டி ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். பந்து கடலைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் ஆட்டம். அணி இல்லை. கோல் இல்லை. ஜெயிப்பவர் இல்லை. குளிர்காலத்திலும் விடமாட்டார்கள்.

அன்றும் குளிர்காலம்தான். மலையிலிருந்து இறங்கும் வாடைக்காற்று காலையில்தான் நின்றிருந்தது. தண்ணீருக்குள் மூன்று பேர் குதித்துக் குதித்துச் சூடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பல் மருத்துவர். ஒருத்தி படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் நெவெங்கா. மூன்றாவது ஆளுக்குத் தலை நரைத்திருந்தது, தொப்பை விழுந்திருந்தது. ஆனாலும் முதுகைப் பார்த்ததுமே நிக்ஷாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முதுகை அவர் ஒரு தடவை நன்றாகப் பார்த்திருந்தார்.

"இவன் இருப்பான் என்று நீ சொல்லவில்லையே."

"சொன்னால் அரைக்கால் சட்டையை எடுத்து வந்திருப்பாயா?"

"நான் போகிறேன்."

"போ," என்றார் லோவ்ரே. "நாலு பேர் போதாது. அவர்களை வெளியே வரச் சொல்கிறேன்."

தண்ணீரிலிருந்து நெவெங்கா கத்தினாள். "வருவதானால் வாருங்கள். இல்லாவிட்டால் துண்டைத் தூக்கிப் போடுங்கள். எனக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை."

நிக்ஷா இறங்கினார். டாமிர் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். நிக்ஷா பல் மருத்துவரைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பந்து கிளம்பியது. லோவ்ரே நெவெங்காவுக்குத் தட்டினார். அவள் மருத்துவருக்கு. அவர் நிக்ஷாவுக்கு. நிக்ஷா ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டாமிர் ஓடினார். பந்து அவரைத் தாண்டி வெகுதூரத்தில் போய்த் தண்ணீரில் விழுந்தது.

நிக்ஷாவின் வலது கை தானாக மேலே போயிற்று. கோல் போட்டால் அப்படித்தான் போகும். பழக்கம்.

யாரும் கைதட்டவில்லை.

"கையை எதற்குத் தூக்குகிறார்?" என்றாள் நெவெங்கா. "டாக்ஸி இங்கே வராது என்று சொல்லுங்கள்."

"அவன்தானே விட்டான்," என்றார் நிக்ஷா.

"இங்கே விட்டவன் என்று ஒருவன் கிடையாது," என்றார் லோவ்ரே. "விழுந்தால் ஐந்து பேருக்கும்தான் விழுந்தது. எடு."

மறுபடியும் ஆரம்பித்தார்கள். மறுபடியும் நிக்ஷா டாமிருக்கு எட்டாமல் அடித்தார். மறுபடியும் விழுந்தது. பல் மருத்துவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பந்தை எடுக்கப் போனார்.

"வெளிநாட்டில் இத்தனை வருடம் சம்பளம் கொடுத்தது இதற்குத்தானா?" என்றாள் நெவெங்கா.

நிக்ஷாவுக்குக் காது சூடாயிற்று. டாமிரை விழவைக்க வேண்டும், பந்து விழக் கூடாது. அதற்கு ஓர் இடம்தான் இருக்கிறது. எட்டுமா எட்டாதா என்கிற இடம். அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஆளைப் பார்க்க வேண்டும்.

பார்த்தார். டாமிர் வலது காலில் சாய்ந்து நின்றார். இடது தோள் தாமதமாகத்தான் எழும்பியது. முன்னால் ஓட முடிந்தது, திரும்ப நேரம் ஆனது. மூச்சு வாங்கும்போது வாயைத் திறந்துகொண்டார். இத்தனை வருடம் ஒரு நாள் விடாமல் நினைத்த ஆளை அவர் அன்றுதான் இவ்வளவு நேரம் பார்த்தார்.

பந்து வந்தது. நிக்ஷா தட்டினார். இடது பக்கம், ஒரு கை நீளம் அதிகமான தூரத்துக்கு.

டாமிர் ஓடினார். தொப்பையோடு பாய்ந்தார். ஒரு கணம் அந்த உடம்பு முழுவதும் தண்ணீருக்கு மேலே படுத்திருந்தது. விரல் நுனி பந்தில் பட்டது. பந்து மேலே எழும்பியது. ஆள் கடலுக்குள் போனார்.

கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் கைதட்டினார்கள்.

டாமிர் எழுந்து தண்ணீரைத் துப்பினார். சிரித்துக்கொண்டிருந்தார். நிக்ஷாவுக்கு எரிந்தது. விழுவதற்குப் போட்ட பந்து. கைதட்டல் வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கிறான்.

அடுத்ததை இன்னும் கடினமாகப் போட்டார். டாமிர் பறந்தார். கைதட்டினார்கள். அதற்கடுத்ததை அதைவிடக் கடினமாகப் போட்டார். டாமிர் அதைவிட அழகாகப் பறந்தார். நாய்கூட உட்கார்ந்து பார்த்தது.

"இன்றைக்குத்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கிறது," என்றார் பல் மருத்துவர்.

அப்போது டாமிரிடமிருந்து ஒரு பந்து வந்தது. நிக்ஷாவுக்கு இடது பக்கம், நல்ல தூரம். தேய்ந்த முழங்கால் அந்தப் பக்கம்தான். நின்று யோசிக்க நேரமில்லை. குனிந்து லேஸ் கட்டலாம் என்றால் காலில் ஷூ இல்லை.

நிக்ஷா பாய்ந்தார்.

மூக்கிலும் காதிலும் கடல் புகுந்தது. குளிர் ஊசியாகக் குத்தியது. தலையைத் தூக்கியபோது பந்து இன்னும் வானத்தில் இருந்தது. நெவெங்கா அதற்காக ஓடிக்கொண்டிருந்தாள். யாரோ பலமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது தான்தான் என்று தெரிய நிக்ஷாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆட்டம் முடிந்து கரையில் நின்றார்கள். உதடு நீலமாகிவிட்டது. நெவெங்காவும் மருத்துவரும் உடை மாற்றப் போய்விட்டார்கள். டாமிர் காதுக்குள் போன தண்ணீரை எடுக்க ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன்," என்றார் நிக்ஷா.

டாமிர் குதிப்பதை நிறுத்தினார்.

"அன்றைக்கு ஏன் பந்தை என் கையில் வைத்தாய்?"

"பயம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கால் நடுங்கியது. நீ சின்னவன், உனக்கு நடுங்காது என்று நினைத்தேன்."

"எனக்கும் நடுங்கியது."

"தெரியும். பந்து போன உயரத்தைப் பார்த்தேனே."

நிக்ஷா துண்டைப் பிழிந்தார். "இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லை."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?"

டாமிர் உண்மையாகவே யோசித்தார்.

"இல்லை. பொய்தான் சொல்லியிருப்பேன்," என்றார். பிறகு மறுபடியும் குதித்து, காதிலிருந்து தண்ணீரை வெளியே எடுத்து, சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

அவன் பயந்தான் என்று நிக்ஷா நினைத்தது சரிதான். ஆரம்பத்திலிருந்தே சரிதான். அதைத் தெரிந்துகொண்டதில் அவருக்குப் பெரிய ஆறுதல். தலையைத் துவட்டும்போது, பசிக்கிறது என்று தோன்றியது. காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரல் விறைத்திருந்ததால் எண்ணை இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. கிளப் தலைவரிடம், "வருகிறேன்," என்றார். "ஆமாம், அவனோடுதான். தெரியும்," என்றார். போனை வைத்தார்.

லோவ்ரே பந்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"மேஷ்தர்," என்றார் நிக்ஷா.

லோவ்ரே நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறைக்கக் கூடாது. வேலைக்குப் போகிறேன். ஆனால் அவன் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. பாதிகூடப் போகவில்லை. அந்த ரொட்டியை என்னால் மறக்க முடியாது."

லோவ்ரே பந்தை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"போக வேண்டாம்," என்றார். "நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது. அவனுக்கு அவ்வளவு தூரத்தில் பந்து போட எங்களில் யாருக்கும் மனசு வராது."