பார்க்காமல் வரைந்த படம்

கடலும் வானமும் ஒரே பனியாய்க் கலந்து கிடக்கும் முத்தங்கரை நாட்டை, வெகு காலத்துக்கு முன்னால் வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சிரித்தால் மத்தியானம் சீறுவான். அப்படி ஒரு மனுஷன்.

அவனுடைய மந்திரி அம்பலத்தாடி ஓலை அனுப்பி அழைத்ததன்பேரில், கடலுக்கு அப்பால் உள்ள செரோக்கி தேசத்துத் தூதர்கள் மூன்று பேர், கனவில் வருகிறவர்கள் மாதிரி மூடுபனிக்குள்ளிருந்து வந்து இறங்கினார்கள். கையில் வெண்சிப்பி மணி கோத்த ஒரு பட்டை. ராஜா அதை வாங்கிக்கொண்டால் இரண்டு தேசத்துக்கும் சமாதானம்.

மந்திரிமேல் வயிற்றெரிச்சல் பிடித்த ஆஸ்தானப் புலவர் கிளிமொழியார் சும்மா இருப்பாரா? கப்பல் கரைக்கு வருமுன்னே, ஆளைப் பார்க்காமலே, தூதர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று மர அச்சில் படம் செதுக்கித் துணியில் பதித்து, பாட்டும் கட்டிக் கடைவீதியில் விற்றுவிட்டார்.

“தலையிலே இறகாம், காதிலே வளையமாம்,
மூஞ்சியிலே சாயமாம், மேலுக்குச் சட்டை இல்லையாம்!”

ஊரே பாடியது. ராஜாவும் கூடச் சேர்ந்து பாடினான். மந்திரி கொடுத்த வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு, தூதர்கள் நாலு நாளாய்ச் சபையில் விருந்தினர் பாயில் அந்தப் பாட்டைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் மூத்தவர், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியிடம், “சாயங்காலம் கப்பலேறுகிறோம்” என்று சொல்லிவிட்டார். அம்பலத்தாடி ராஜா முன்னாலேயே புலவரை மடக்கினார். தன் வாக்கை நம்பிக் கடல் தாண்டி வந்தவர்கள் ஆயிற்றே.

“புலவரே, படம் ஆளை உரித்து வைத்த மாதிரிதானே?”

“அச்சு அசல், மந்திரியாரே. சந்தேகமா?”

“அப்படியானால் மகாராஜா, படத்தை வாசலில் மாட்டுவோம். அதே சாயலில் யார் வந்தாலும் காவலாளி கையைப் பிடித்து அழைத்துவந்து விருந்தினர் பாயில் உட்கார வைக்கட்டும். சபையும் அந்தப் பாட்டையே பாடி வரவேற்கட்டும்.”

“பேஷ், அப்படியே ஆகட்டும்” என்று சொல்லிவிட்டு ராஜா கடலாடப் போனான்.

அன்றைக்கு வாசலில் மந்திரி நிறுத்தியவன் உப்பளத்திலிருந்து புதிதாய் வேலைக்கு வந்த கொம்பையா. ராஜா முகத்தை அவன் கண்டதே இல்லை. கடலாடிவிட்டு ராஜா பரிவாரத்துக்கு முன்னால் தனியாய் வந்தான். தலைப்பாகையில் மயிலிறகு, காதில் குண்டலம், கன்னமெல்லாம் சந்தனமும் கஸ்தூரியும், வெற்று மார்பு. கொம்பையா படத்தைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், கையைப் பிடித்துவிட்டான்.

“அடேய், நான் ராஜாடா.”

“இருக்கட்டும் சாமி. படம் பொய் சொல்லுமா? வாங்க.”

பாயில் கொண்டுபோய் உட்கார வைத்தான். ஆணைப்படி சபை பாட்டை எடுத்துவிட்டது. யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பாதியிலேயே எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பின்வரிசையில் மட்டும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவுக்குக் காது மடல் சுட்டது.

மூத்த தூதர் சிரிக்கவில்லை. சற்று நகர்ந்து இடம் விட்டார்.

“நீர் ஏன் சிரிக்கவில்லை?” என்று ராஜா மெல்லக் கேட்டான்.

துபாஷி சொன்னார்: “‘இந்தப் பாயில் உட்கார்ந்து நாலு நாள் இந்தப் பாட்டைக் கேட்டவன் நான். எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்’ என்கிறார்.”

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாயை விட்டு எழாமலே இரண்டு கையையும் நீட்டினான். மூத்தவர் வெண்பட்டையை அதில் வைத்தார். அன்று கப்பல் கிளம்பவில்லை.

மந்திரிக்கு ராஜாவின் கைமோதிரம் கிடைத்தது. புலவரைப் பார்த்து ராஜா சொன்னான்: “விற்ற படத்தையெல்லாம் வீடு வீடாய்ப் போய் நீரே திரும்ப வாங்கி வாரும். ஒவ்வொரு வாசலிலும், ‘நான் ஆளைப் பார்க்காமல் வரைந்தேன்’ என்று உரக்கச் சொல்லும்.”