வெட்டுக்காயப் பூண்டுக்கு ஒரு வேலி

காட்டுக் குளத்தங்கரையில் ஒரு கரடியார் வசித்தார். தேன் ஆசையில் பாறை மேல் ஏறினார். வழுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டார். "ஐயோ, செத்தேன்!" என்று காடே அதிரக் கத்தினார்.

முயல் ஓடி வந்தது. கரையில் தரையோடு தரையாகப் படர்ந்து, குட்டிக் குட்டியாகப் பூத்திருந்த வெட்டுக்காயப் பூண்டில் நாலு இலையைப் பறித்தது. மென்று காயத்தில் அப்பியது. ரத்தம் நின்றது. சில நாளில் கரடியார் பழையபடி மரம் ஏறினார்.

நன்றியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா?

"இந்தத் தெய்வ மூலிகையையா மிதிச்சுக்கிட்டுத் திரியறீங்க? வெட்கமா இல்லை?" என்று கரையில் மேய்ந்துகொண்டிருந்த மான்களை மேட்டுப் பக்கம் விரட்டினார். முள்ளை இழுத்து வந்து பூண்டைச் சுற்றி வேலி போட்டார். காவலுக்கும் அவரே உட்கார்ந்தார்.

"அண்ணே, மான் மேயறதாலதான் புல் குட்டையா இருக்கு. புல் வளர்ந்துட்டா பூண்டுக்கு ஏது வெயில்?" என்றது முயல்.

"வைத்தியம் பார்த்தாச்சுல்ல? போய் உன் வேலையைப் பாரு! காவல் காக்க எனக்குத் தெரியும்!"

மழை பெய்தது. வேலிக்குள் புல் கரடியாரின் தோளுக்கு வளர்ந்தது. "எவ்வளவு செழிப்பு பார்த்தீங்களா!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். வேலியைக் கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சட்டம் வேறு போட்டார்!

ஒரு நாள் அவருடைய குட்டி நொண்டிக்கொண்டு வந்து விழுந்தது. காட்டுப்பன்றியிடம் வம்புக்குப் போய்த் தொடையில் குத்து வாங்கியிருந்தது. ரத்தம் கொட்டியது.

கரடியார் பூண்டைத் தேடி ஓடினார். தான் போட்ட வேலியைத் தானே பிய்த்தெறிந்து உள்ளே பாய்ந்தார். புல்லை விலக்கினார். உள்ளேயும் புல். இன்னும் விலக்கினார். அங்கேயும் புல்தான்! பேருக்கு ஒரு பூண்டுகூட இல்லை.

"என் பிள்ளை போயிடுவானே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

முயல் மான்கள் மேய்கிற மேட்டுக்கு ஓடியது. அங்கே புல் குட்டை. அதன் நடுவே பூண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வாய் நிறையப் பறித்து வந்து மென்று அப்பியது. ரத்தம் நின்றது. குட்டி மெல்லக் கண் திறந்தது.

கரடியார் துள்ளி எழுந்தார். "அட, மேட்டுல இருக்கா! இனிமே அங்கே ஒரு குளம்பு படக் கூடாது!" என்று முள்ளை வாரி எடுத்தார்.

மான்கள் தலையைக் குனிந்துகொண்டன. குட்டிதான் முனகியது.

"அப்பா, எனக்கு மறுபடி அடிபட்டா என்ன செய்வே?"

கரடியார் பிய்ந்து கிடந்த பழைய வேலியைத் திரும்பிப் பார்த்தார். முள்ளை மெல்லக் கீழே போட்டார்.

நல்ல பொருளைப் புழங்கிக்கொண்டே காப்பதுதான் காவல். யாரும் தொடாமல் வேலி போட்டுக் கும்பிடுவது, அதை மரியாதையோடு சாகவிடுவது.