கொம்பைமேட்டுக் கிளைக்கு சர்வர் வந்த கதை

மலை மேலே கொம்பைமேடு என்று ஓர் ஊர். அங்கே தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை ஆபீஸ் இருந்தது. ஆபீசில் மூன்று பேர். மேனேஜர் பூவராகன், கணக்கு பார்க்கும் அமலோற்பவம் மேடம், குடோன் பார்க்கும் நாச்சிமுத்து. மூவரும் தங்கமானவர்கள். மேலிடம் சொன்ன சொல்லை அப்படியே செய்கிறவர்கள். வில்லங்கமே அதில்தான்.

எந்த சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் கோயம்புத்தூர் தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. இங்கிருந்து கேட்டால், மலையேறி வரும் ஒல்லி லைன் வழியாகப் பதில் வந்து சேர வேண்டும். காலையில் கேட்டால் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் அதே வட்டம்தான், கொஞ்சம் களைத்த மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் ஊர்க் குடிதண்ணீர் மோட்டார் நின்றுபோனது. மோட்டார் ஆபரேட்டர் காளிதாஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், புஷ் தேய்ஞ்சு போச்சு. உள்ளங்கை அளவு பித்தளை வளையம், அவ்வளவுதான். ஊர்ல சொட்டுத் தண்ணி இல்ல. என் பொண்டாட்டியே என்னை வீட்டுக்குள்ள விட மாட்டேங்கறா."

"நம்ம குடோன்லயே இருக்கு," என்றார் பூவராகன். "எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர்தான் சொல்லணும்."

"பெட்டிகளைத் திறந்து பார்த்தா?"

நாச்சிமுத்து பதறிப்போனார். "கம்ப்யூட்டர்ல பார்க்காம எந்தப் பெட்டியையும் தொடாதேன்னு உத்தரவுங்க!"

பூவராகன் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் பார்க்கும் மதிவதனி பேசினாள்.

"சார், சர்வர் இங்க இருக்கு, நீங்க மலை மேல இருக்கீங்க. அதான் லேட்டாகுது. சர்வர் மட்டும் உங்க பக்கத்துல இருந்தா கேட்ட உடனே வந்துரும்."

போனை வைத்துவிட்டு பூவராகன் கூட்டம் போட்டார்.

"சர்வர் கோயம்புத்தூர்ல நிக்கறாராம். நாம இங்கேருந்து கேட்டா அவர் காதுல எப்படி விழும்?"

"நியாயம்தானே," என்றார் அமலோற்பவம் மேடம். "எதிர் ஓட்டல் சர்வர் சிங்காரத்தைக் கூப்பிட்டா என்ன சார்? தோசை கேட்டா நாம கை கழுவிட்டு வர்றதுக்குள்ள வச்சிடறாரே."

சிங்காரம் தோளில் துண்டோடு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றார். "என்ன வேணும் சார்?"

"புஷ் ஒண்ணு."

சிங்காரம் குடோன் பக்கம் திரும்பி, "புஷ் ஒண்ணேய்!" என்று ராகமாகக் கூவினார். எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. சிங்காரம் தலையைச் சொறிந்தார். "ஸ்பெஷலா சாதாவான்னு சொல்லலியே சார்?"

மறுபடி போன்.

"இப்ப எத்தனை பேர் உள்ள இருக்கீங்க சார்?" என்று கேட்டாள் மதிவதனி.

"அஞ்சு பேர்மா."

"அஞ்சு பேரா! லைன் தாங்காது சார். ஒருத்தர் மட்டும் உள்ள இருங்க. மத்தவங்க வெளியே வந்துடுங்க."

வெளியே தூறல். யார் உள்ளே இருப்பது என்று பேச்சு வந்தது. மேனேஜர் என்றால் வெளியே நின்று மேற்பார்வை பார்க்க வேண்டும், ஆகவே பூவராகன் வெளியே. நாச்சிமுத்து கனத்த உடம்பு, லைன் தாங்காது, அவரும் வெளியே. மேடத்துக்குத் தனியாக இருக்கப் பயம். காளிதாஸ் இந்த ஆபீஸ் ஆளே இல்லை. கடைசியில் சிங்காரம் மட்டும் உள்ளே இருந்தார்.

போன் அடித்தது. சிங்காரம் எடுத்தார். "இட்லி, பொங்கல், வடை சூடா இருக்கு. பூரி முடிஞ்சிடுச்சு."

மதிவதனி, "சாரி, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள்.

சொட்டச் சொட்ட நனைந்த பூவராகன் ஜன்னல் வழியே கையை விட்டுப் போனை எடுத்து அவளை மறுபடி பிடித்தார். அவளும் பொறுமையாகச் சொன்னாள். "சார், முழு டேபிளையும் இழுக்காதீங்க. வேணுங்கற பகுதியை மட்டும் இழுங்க. சரிப்படலைன்னா ஒரு காப்பி உங்க கம்ப்யூட்டர்கிட்டயே வச்சுக்கலாம். ஆனா அது பழசாயிட்டே இருக்கும். அப்பப்போ மாத்தணும்."

நாச்சிமுத்துவுக்கு முகம் வெளுத்துப்போனது. "நேத்து டேபிளை ஜன்னலோரமா இழுத்தது நான்தான் சார். அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ரம்பம் வந்தது. வேண்டிய பகுதி எது என்பதில் தகராறு. டிராயர் உள்ள பக்கம் என்றார் பூவராகன். டிபன் பாக்ஸ் வைக்கிற பக்கம் என்றார் மேடம். இரண்டையும் அறுத்துத் தனித்தனியாக இழுத்தார்கள். நடுப்பகுதிக்குக் கால் இல்லாததால் கம்ப்யூட்டர் தரைக்கு வந்தது. அதன் பக்கத்தில் சிங்காரம் ஒரு காப்பி வைத்தார். ஆடை படிந்ததும் எடுத்துவிட்டு வேறு வைத்தார். எடுத்த காப்பியைக் கொட்ட மனசில்லாமல் நாச்சிமுத்து குடித்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் அவர் கண் திரையிலிருந்த வட்டத்தைவிட வேகமாகச் சுற்றியது.

காளிதாஸ் போனைப் பிடுங்கி அழாத குறையாகச் சொன்னார். "தாயி, ஊரே காய்ஞ்சு கிடக்கு. ஏதாவது பண்ணுங்க."

மதிவதனிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "சார், வழி கண்டுபிடிச்சிட்டேன். தேடற வேலை மொத்தமும் இனிமே இங்கயே நடக்கும். உங்களுக்கு வெறும் படம் மட்டும் வரும். அந்த லைனுக்கு அது போதும். பத்து மணிக்கு எல்லாரும் ரெடியா இருங்க."

"எல்லாருமாம்மா?"

"ஆமா சார், எல்லாரும்."

எல்லோரும் என்றால் எல்லோரும்தான். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். தண்ணீர் இல்லாததால் யாருக்கும் சமைக்கிற வேலையோ துவைக்கிற வேலையோ இல்லை. ஊர் மொத்தமும் ஆபீசுக்குத் திரண்டு வந்தது. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கினார்கள். கம்ப்யூட்டரை ஒரு உயரமான பெட்டி மேல் வைத்தார்கள். சிங்காரம் சந்து சந்தாக முறுக்குத் தட்டோடு நடந்தார்.

பத்து மணிக்குத் திரை பளிச்சென்று மாறியது. வட்டத்தைக் காணோம். 'கொம்பைமேடு குடோன்' என்று எழுத்து வந்ததும் கைதட்டல் கூரையைத் தொட்டது. ஒரு சின்ன அம்பு அங்குமிங்கும் நகர்ந்தது.

"அந்த அம்புதான் ஹீரோவா?" என்றார் மேடம் கிசுகிசுப்பாக.

"வேற யாரும் வரலியே, அதுவாத்தான் இருக்கும்," என்றார் நாச்சிமுத்து.

சாமான்கள் வரிசையாக ஓடின. 'புஷ், பித்தளை: ரேக் நாலு, மேல் தட்டு' என்று வந்து நின்றது. விசில் பறந்தது. பின்வரிசையிலிருந்து "ஒன்ஸ் மோர்!" என்று குரல் வந்தது. பூவராகன் போனில் பணிவாகச் சொன்னார். "அம்மா, புஷ் வர்ற சீனை ஜனங்க இன்னொரு தடவை கேக்கறாங்க."

சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று மதிவதனி மறுபடி காட்டினாள்.

காளிதாஸ் மட்டும் எழுந்து குடோனுக்கு ஓடினார். ரேக் நாலு, மேல் தட்டு. எட்டி எடுத்தார். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதால் நாச்சிமுத்து தடுக்கவில்லை. காளிதாஸ் புஷ்ஷோடு மோட்டார் ரூமுக்குப் பறந்தார், மாட்டினார், சுவிட்சைப் போட்டார். மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. தெருக்குழாயெல்லாம் பீறிட்டு அடித்தது. பிடிக்கத்தான் ஒரு ஆள் இல்லை. தண்ணீர் தன்பாட்டுக்குத் தெருவில் ஓடியது.

முழுக்க நனைந்தபடி காளிதாஸ் ஆபீசுக்குள் பாய்ந்து, திரைக்கு முன்னால் நின்று கத்தினார். "தண்ணி வந்துருச்சு! எல்லாரும் ஓடுங்க, தண்ணி வந்துருச்சு!"

ஒருவரும் அசையவில்லை. பூவராகன் அவருடைய ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உஸ்! உட்காருங்க காளிதாஸ், மறைக்குது. இப்பதான் வாஷர் வந்திருக்கு."