ஆல்பினின் சக்கரம்

"ஆல்பினுக்கு மட்டும் எதுக்கு டீச்சர் அந்தச் சக்கரம்?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

சுகிதா கையிலிருந்த காற்றடிக்கும் பம்பைக் கீழே வைத்தார்.

நாகர்கோவிலில் சைக்கிள் ஓட்டப் பயிற்சி தருபவர் அவர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. தாணுலிங்கத்துக்கும் ஆல்பினுக்கும் ஐம்பதுக்கு மேல். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்.

அங்கேயும் ஆல்பின்தான் ஜன்னலோரம்.

"எந்தச் சக்கரம்?"

"கருப்பா, அகலமா விளிம்பு வச்சது. கம்பி பேருக்குத்தான் இருக்கு. டயர் விரல் தண்டிதான், அவ்வளவு மெலிசு. போகும்போது உர்ருன்னு ஒரு சத்தம் வேற."

"உங்களுக்கு?"

"எனக்கு வாய்ச்சது பால்காரன் சக்கரம். சின்ன விளிம்பு, கம்பிக் காடு, தடி டயர். வால்வுக்கு மூடிகூட இல்லாம ஒரு சிவப்புப் பேனா மூடிய மாட்டி வச்சிருக்கேன்."

"ஓட்ட முடியலயா?"

"முடியுது. அது இல்ல விஷயம்."

"எது விஷயம்?"

தாணுலிங்கம் ஆல்பினின் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார்.

ஆடி மாதக் கடைசி ஞாயிறன்று சுகிதாவின் மாணவர்கள் எல்லோரும் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போவதாக இருந்தது. காற்றாலைகள் நிற்கும் கணவாய். ஆடிக் காற்று அங்கே ஆளைப் பக்கவாட்டில் தள்ளும். முன்னால் போகிறவரின் சக்கரத்தை நம்பித்தான் பின்னால் வருகிறவர்கள் ஓட்டுவார்கள்.

முன்னால் யார் என்று சுகிதா இன்னும் சொல்லவில்லை.

தாணுலிங்கத்துக்கு அந்த இடம் வேண்டும். அல்லது, ஆல்பினுக்கு அது கிடைக்கக் கூடாது. இரண்டில் எது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

சுகிதா ஆல்பினைக் கூப்பிட்டார்.

"ஆல்பின் அண்ணே, ரெண்டு பேரும் சக்கரத்த மாத்திக்கிடுதியளா?"

ஆல்பின் கனத்த உடம்புக்காரர். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எடுத்துக்கிடட்டும் டீச்சர். என் தொப்பையத் தாங்குனாப் போதும் எனக்கு."

அதுவும் தாணுலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஆல்பின் முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

நான்கு சக்கரங்களையும் சுகிதா மாற்றிப் பூட்டினார்.

மறுநாள் மெல்லிய டயரில் தாணுலிங்கம் மூச்சுவாங்கக் காற்றடித்தார். சுகிதா கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"கூடுதல்."

"கூடுனாத்தானே வேகம்?"

"ரோடு கண்ணாடியா இருந்தா."

சுகிதா கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் தாணுலிங்கம் மறுபடியும் அடித்துக்கொண்டார்.

வடசேரித் தெருவில் அந்த உர்ர் சத்தத்துக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

பயணத்துக்கு முந்தைய ஞாயிறு, கணவாயில் ஒத்திகை.

மலை விலகியதும் காற்று வந்தது.

அகல விளிம்பு அதை மொத்தமாக வாங்கிக்கொண்டது. தாணுலிங்கம் ஒல்லி. ஹேண்டில் தானாகத் திரும்பியது. பின்னால் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. தார் ரோட்டை விட்டு ஓரத்து ஜல்லியில் இறங்கினார். அளவுக்கு மேல் காற்றடித்த டயர் கல்லுக்குக் கல் துள்ளியது. கை மரத்துப்போனது.

இறங்கி உருட்டினார்.

ஆல்பின் அவரைத் தாண்டிப் போனார்.

"என்னடே தாணு, வண்டிய நடக்கக் கூட்டிட்டு வந்தியா?"

ஆல்பின் காற்றும் கல்லும் இல்லாத தெருவில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தார். தாணுலிங்கம் ஆல்பினின் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே உருண்ட சக்கரத்தைப் பார்த்தார். கண் மறையும்வரை அதையே பார்த்தார்.

முப்பந்தலில் ஒரு டீக்கடை. சுகிதா பெஞ்சில் இருந்தார். ஆல்பின் உள்ளே வடை கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிள் வெளியே சுவரில் சாய்ந்து நின்றது.

தாணுலிங்கம் வந்து சேர்ந்தார். முகம் கழுவவில்லை, டீ கேட்கவில்லை.

"டீச்சர், நீங்க எப்பவும் நல்லத அவனுக்குத்தான் குடுக்குதிய."

"என்ன குடுத்தேன்?"

"கண்ணால பாத்தேன். காத்து அவன அசைக்கல. ஜல்லியில ஏறி இறங்குதான், ஒரு குலுக்கல் இல்ல. சக்கரம்னா அது சக்கரம். அப்படி ஒண்ணு எனக்குக் குடுத்திருந்தியன்னா, இன்னைக்கு நான்லா முன்னால?"

சுகிதா எழுந்தார். ஆல்பினின் சைக்கிளை முன்பக்கம் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

தடித்த டயர் சத்தமில்லாமல் சுழன்றது.

"இதுவா?"

"அதேதான்."

"யாரு சக்கரம் அண்ணே இது?"

"ஆல்பினோட..."

சுழற்சி குறைந்தது. சக்கரம் முன்னும் பின்னும் ஆடி, வால்வு அடியில் வர, நின்றது.

வால்வில் ஒரு சிவப்புப் பேனா மூடி.