எதிர் வரிசைக்காரர்கள்

டாக்டர் அருளானந்துக்குத் தலையில் பாதி நரை. டாக்டர் மெஹருன்னிசாவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாதான் குரு, இவர்தான் சீடர். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர் அருளானந்து. மெஹருன்னிசா அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பொது மருத்துவத் துறைக்குத் தலைவி. அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். ரவுண்ட்ஸ் போகும்போது நோயாளிகள் இவரைத்தான் கும்பிடுவார்கள். மேடம் பின்னால் நின்று சிரிப்பார்.

படிப்பு முடிய ஓர் ஆராய்ச்சி வேண்டும். அது தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அருளானந்து எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. காய்ச்சல், நெஞ்சுச்சளி என்று வந்து படுக்கிறவர்களைத் தினமும் கொஞ்சம் நடக்கவைத்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்களா?

ஆண்கள் வார்டில் எதிரெதிராக இரண்டு வரிசைக் கட்டில். வலது வரிசையை அவரே காலையில் கைபிடித்து நடத்தினார். இடது வரிசைக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

மனுசன் ஒன்றை மறந்துவிட்டார். இரண்டு வரிசைக்கும் நடுவில் சுவர் இல்லை.

வலது வரிசைப் பட்டுராஜ் நடந்து முடித்துவிட்டு, எதிர்க்கட்டிலுக்குப் புதிதாக வந்திருந்த பேச்சிமுத்துவைச் சீண்டினார்.

“என்ன மாப்ள, கட்டிலோட ஒட்டிக்கிட்டியா? சன்னல் வரைக்கும் வந்து பாரு. வெளியே உலகம் அப்படியேதான் இருக்கு.”

பேச்சிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஒரு மதியம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சீக்கிரமே திரும்பிய அருளானந்து வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். இடது வரிசை முழுக்க நடந்துகொண்டிருந்தது. ஒருத்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு. வலது வரிசைக்காரர்கள் கட்டிலில் உட்கார்ந்து கைதட்டினார்கள். நர்ஸ் அம்மாவும் சேர்ந்து தட்டினார்.

நர்ஸிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, மேடத்தின் அறைக்கு ஓடினார்.

“மேடம், எல்லாம் போச்சு!”

“ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?”

“நோயாளிகளுக்கு ஒண்ணும் ஆகலை. ஆராய்ச்சிதான் போச்சு. இடது வரிசையும் நடக்குது! ஆரம்பத்துல இருந்தே இப்படித்தானாம். வர்றவனுக்கெல்லாம் எதிர் வரிசைக்காரன் சொல்லிக் குடுத்துடுறானாம். நான் சாப்பிடப் போனா இவங்க நடக்க ஆரம்பிச்சிடுறாங்க. அதான் ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி வீட்டுக்குப் போகுது.”

“ஒரே மாதிரின்னா?”

“போன வருஷத்தைவிடச் சீக்கிரமா. ரெண்டு வரிசையுமே.” அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“இப்ப என்ன செய்யலாம், சார்?”

“இனிமேலாவது இடது வரிசையைப் படுத்துக்கச் சொல்லணும். மிச்சக் கணக்காவது தேறும். இல்லைன்னா இந்த வயசுல நான் ஃபெயில், மேடம்.”

“ஆராய்ச்சி உங்களோடது. போய்ச் சொல்லுங்க. நானும் வர்றேன்.”

மேடம் வாசலில் நின்றுகொண்டார். அருளானந்து வார்டின் நடுவில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

பேச்சிமுத்து சன்னல் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார். லேசாக மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

“டாக்டரய்யா! சன்னல் வரைக்கும் வந்துட்டேன், பாருங்க! எம் பொண்டாட்டி கீழே டீக்கடையில நிக்கிறா. இங்கருந்து கையக் காட்டினேன். நான் எந்திரிக்கவே மாட்டேன்னு நேத்து வரைக்கும் அழுதவ, இப்ப ரோட்டுல நின்னு சிரிக்கிறா!”

அருளானந்து குனிந்து பேச்சிமுத்துவின் காலைப் பார்த்தார்.

“வெறுங்காலோட நடக்காதீங்கய்யா,” என்றார். “தரை வழுக்கும். செருப்பைப் போட்டுக்கிட்டு நடங்க.”

வார்டே கைதட்டியது. அருளானந்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

வாசலுக்கு வந்ததும் மேடம் கேட்டார்.

“சொல்லிட்டீங்களா, சார்?”

“சொல்லிட்டேன், மேடம்.”

“கேட்டுச்சு.”

வராந்தாவில் நடக்கும்போது கவலை திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

“தீசிஸ்ல என்னத்த எழுதுறது?”

“நடந்ததை நடந்தபடி எழுதுங்க. போன வருஷக் கணக்கையும் பக்கத்துல வைங்க. எங்கே தப்பு பண்ணீங்கன்னும் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

“பரீட்சைக்கு வர்றவர் சும்மா விடுவாரா? ரெண்டு வரிசையில எது ஜெயிச்சதுன்னு கேப்பாரே?”

மேடம் நின்று, வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க கையே பிடிக்காத வரிசைன்னு சொல்லுங்க, சார்,” என்றார்.