சுவரோரம் பிறந்த சொல்

முன்னொரு காலத்தில், சாப்பாட்டுக்காகவே முடிசூட்டிக்கொண்டவர் போல மகுடவர்மன் என்றொரு மன்னர் இருந்தார். அவர் இலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாயசம் கொண்டுபோகக் குதிரை வேண்டும். உச்சிவேளையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அந்தியாகிவிடும். அதுவரை சபையோர் அத்தனை பேரும் சுவரோரமாக வாய்பேசாமல் நிற்க வேண்டும். மன்னர் கைகழுவும்வரை யாரும் ஒரு பருக்கையைக்கூடத் தொடக்கூடாது. அந்த வம்சத்து வழக்கம் அப்படி.

ஒருநாள், தமிழ் நன்றாகப் பேசும் ஆங்கிலத் தூதர் ஒருவரும் அந்த வரிசையில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தவர், "குரோக்" என்று முணுமுணுத்தார். மன்னருக்குப் பாம்புக் காது.

"அது என்ன சொல், தூதரே?"

தூதரின் ஏற்கெனவே வெளுத்த முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "பழைய வினைச்சொல், மன்னா. எங்கள் ஊரிலேயே செத்துப்போனது. பொருள் மட்டும் கேட்காதீர்கள்."

கேட்காதே என்றால் விடுகிற மன்னரா அவர்? "நம் சபையிலேயே யாராவது சொல்லட்டும். பொருளும் வேண்டும், பிறப்பிடமும் வேண்டும். சரியா தப்பா என்று நீர் சொன்னால் போதும்."

சபைப் புலவர் சாரங்க பண்டிதருக்கு, அங்கேயே விகடகவியாக இருந்த சீராளனைக் கண்டாலே நெஞ்செரிச்சல். "எனக்கும் இந்தக் கோமாளிக்கும் போட்டி வையுங்கள், அரசே. தோற்றவன் சபையை விட்டே போகட்டும்."

சீராளனுக்கோ பேச்சைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. மன்னர் தலையசைத்துவிட்டார்.

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "குரோக் என்றால் தெய்வத்தைக் கண்டு மெய்மறந்து நிற்றல். நம் நாட்டில் பிறந்து, கப்பலேறிப் போய், குளிரில் விறைத்துக் குரல் மாறிய சொல்." சபை தலையாட்டியது. தூதர் விட்டத்தைப் பார்த்தார்.

"நீ என்னப்பா சொல்கிறாய்?" என்றார் மன்னர். "வெறும் வாயால் சொல்லி ஏமாற்றாதே. பொருள் என் உடம்பில் உறைக்க வேண்டும்."

சீராளன் யோசித்தான். அந்தச் சொல்லைச் சொன்னபோது தூதரின் கண் மன்னர்மேல் இல்லை, இலைமேலும் இல்லை. வரிசையில் நின்றவர்களின் தொண்டைமேல் இருந்தது.

"உத்தரவு, அரசே. நாளைக்குக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள்."

மறுநாள் மன்னர் வந்தபோது, அவருடைய இலைக்கு முன்னால் சீராளன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான்.

"சுவரோரம் நில்லுங்கள், அரசே. உறைக்கிற இடம் அதுதான்."

சீராளன் வடையைப் பிட்டான். சாம்பாரில் தோய்த்தான். அவன் கையோடு மன்னரின் கண்ணும் இலைக்கும் வாய்க்குமாக நடந்தது. மன்னர் எச்சில் விழுங்கிய சத்தத்தில் பக்கத்து நாட்டுக்காரன் படையெடுப்பு என்று கோட்டைக் கதவைச் சாத்தினான்.

"அரசே, எனக்கும் கொடு என்று வாய்விட்டுக் கேட்டிருப்பீர்களா?"

"மாட்டேன். மானம் போகும்."

"நான் கூப்பிடுவேன் என்று நினைத்தீர்களா?"

மன்னர் தயங்கினார். "நினைத்தேன்."

"பொருள் அவ்வளவுதான்."

தூதர் தலைவணங்கினார். "அதேதான், மன்னா. ஒருவர் சாப்பிடுவதைப் பேசாமல் பார்த்து, கூப்பிடமாட்டாரா என்று ஏங்குவது. முதலில் நாய்களுக்குச் சொன்னார்களாம். அதற்குமுன் எங்கிருந்து வந்ததென்று எங்களுக்கே தெரியாது."

"உண்கிறவன் கூப்பிடாத இடத்திலெல்லாம் அது பிறக்கும், ஐயா," என்றான் சீராளன்.

மன்னர் பின்னாலிருந்த சுவரைத் தடவிப் பார்த்தார். இளவரசனாக இருந்தபோது, தந்தை உண்டு முடியும்வரை அதே சுவரோரம் நின்றது நினைவுக்கு வந்தது. அன்று அந்த ஏக்கத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை.

"நானும் நின்றிருக்கிறேன், சீராளா. உட்கார்ந்ததும் மறந்துவிட்டேன்," என்றவர் சமையற்காரர் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் இலை போடு. இனிமேல் தினமும்."

தன் தங்கக் கடகத்தைக் கழற்றிச் சீராளன் கையில் மாட்டினார். "வேறென்ன வேண்டும், கேள்."

பண்டிதர் மேல்துண்டை உதறிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

"போட்டிப்படி பண்டிதர் போகட்டும், அரசே. ஆனால் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் போக வேண்டும்."

பண்டிதர் திரும்பி வந்தார். பந்தியில் உட்கார்ந்தார். அந்தியிலும் "இன்னும் கொஞ்சம் ரசம்" என்றார். மூன்றாம் நாளும் அதே இலையில் அதையே சொன்னார்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இவர் இந்த ஜென்மத்தில் கைகழுவப்போவதில்லை. நாளைக்கும் ரசம் வையப்பா."